ராணி கலர் தண்ணீர்

ஆரணியில் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ரைஸ் மில் சுவரை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. போர்டு கிடையாது. பரசுராமன் மேஸ்திரி ஷெட் என்றால் படவேட்டிலிருந்து வருகிறவனும் நேராக வந்து நிற்பான். எழுபத்தொன்பதில் ஊரில் ஓடிய கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் எது எப்போது படுக்கும் என்று வண்டிக்காரனுக்குத் தெரியாது, மேஸ்திரிக்குத் தெரியும். அவருக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஒன்று, "தெரியல" என்ற சொல் அவர் வாயில் வராது. இன்னொன்று, வண்டிக்கு என்ன ஆச்சு என்று ஓட்டிவந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

"ஓட்றவன் பொய் சொல்லுவான். பயத்துல சொல்லுவான், வெக்கத்துல சொல்லுவான். இஞ்சினுக்கு இன்னா வெக்கம்? நானு அதாண்டயே கேட்டுக்குவேன்" என்பார்.

கேட்கவும் செய்வார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பத்துக்கு ஒன்பது முறை சொன்னது பலிக்கும். பத்தாவது முறை என்ன ஆனது என்று யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை, அவரும்தான்.

அந்தச் சித்திரைக் கடைசியில் தரணேந்திரன் நயினாரின் கறுப்பு அம்பாசிடர் ஷெட்டுக்குள் வந்து நின்றது. கத்திரி வெயில். தகரக் கூரைக்குக் கீழே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தால் கை சுட்டது. நயினார் இறங்கி, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிழலில் நின்றார். பரம்பரையாக நிலம் பார்த்த ஜைனக் குடும்பம். இரண்டு காணியை விற்று இந்தக் காரை வாங்கி, தானே ஓட்டி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அதிர்ந்து பேசாத மனுஷன். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். அதனால் எந்தச் சவாரி போனாலும் வெளிச்சத்தோடு வீடு திரும்பிவிடுவார். "நயினார் வண்டில போனா சாமிய பாக்கறமோ இல்லியோ, சூரியன பாத்துகினே வூட்டுக்கு வந்துடலாம்" என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

"மேஸ்திரி, வண்டி தண்ணி குடிக்குதுங்க. காத்தால ரொப்பறேன். சாயங்காலம் தெறந்து பாத்தா ரெண்டு சொம்பு கொறையுது" என்றார்.

"கீழ ஒழுவுதா?"

"அதாங்க அதிசயம். ராத்திரி பூரா வண்டிக்கடியில நூஸ் பேப்பரு விரிச்சி வெச்சேன். ஒரு சொட்டு கெடையாது."

"சரி, ரெண்டு நாளு வுட்டுட்டுப் போங்க."

அவ்வளவுதான் கேட்டார். நயினார் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவர்போல் ஒரு நிமிஷம் நின்றார். மேஸ்திரி அதற்குள் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார்.

இந்த வண்டி விஷயத்தில் மேஸ்திரிக்கு வழக்கத்தைவிட அக்கறை அதிகம். அவருடைய ஒரே பெண் குணசுந்தரி தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். முள்ளிப்பட்டில் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை தசரதனுக்குப் பட்டுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை. குழந்தை வயிற்றில் குறுக்காகக் கிடக்கிறது, திரும்புகிற வழியாக இல்லை என்று வேலூர் டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும். வைகாசி இருபதாம் தேதி வந்து படுத்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வலி கண்டால் வேறெங்கும் நிற்காமல் நேரே வேலூருக்குத்தான் வர வேண்டும். "ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு" என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னதிலிருந்து சாவித்திரி தூங்குவதில்லை. எந்நேரம் கூப்பிட்டாலும் வண்டியோடு வருகிறேன் என்று நயினார் வாக்கு கொடுத்திருந்தார். அந்த வண்டிதான் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி முதலில் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். தண்ணீர் குறைந்தது. மேலும் கீழும் ஓஸ் குழாய்களை மாற்றினார். குறைந்தது. தண்ணீர் பம்பைக் கழற்றி உள்ளே சீல் போட்டார். ரேடியேட்டரைக் கழற்றி, ஈயம் பற்றவைக்கிறவனிடம் கொடுத்துத் தொட்டியில் முக்கிக் காற்றடித்துப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. ஆயில் குச்சியை உருவி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் மோர்போல் வெளுத்திருக்கும். ஆயில் சுத்தமாகக் கறுப்பாக இருந்தது. புகைக்குழாயில் ஆவி வருகிறதா என்று பார்த்தார். அந்த வெயிலில் ஆவி எங்கே தெரியும்? கொதிக்கிற தண்ணீரே புகை விடாத காலம் அது.

ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கொடுத்தனுப்புவார். இரண்டாம் நாள் நயினார் வந்து நிற்பார்.

"கொறையுதுங்க மேஸ்திரி."

"எம்மாம்?"

"அதே ரெண்டு சொம்பு. படவேட்டுக்குப் போய் வந்தா மூணு."

வெள்ளிக்கிழமைதோறும் ரேணுகாம்பாளைப் பார்க்கப் படவேட்டுக்குச் சவாரி இருக்கும். அங்கிருந்து வந்தால் தண்ணீர் கூடுதலாகக் குறைகிறது என்பதை மேஸ்திரி மனதில் குறித்துக்கொண்டார். ஏற்றம், பாரம், சூடு. ஆனால் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு கைப்பிடி மஞ்சள் தூளைப் போடு, ஓட்டை தானாக அடைத்துக்கொள்ளும் என்றான் காத்தவராயன்.

"அது இஞ்சின்டா, கொயம்பு சட்டி இல்ல" என்று மேஸ்திரி விரட்டினார்.

ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. கேழ்வரகுக் களியைக் குழிபறித்துக் கீரைக் குழம்பு ஊற்றி வைத்திருந்தாள் சாவித்திரி. அவர் அதைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"களில கூட நட்டு தேட்றீங்களா?" என்றாள் அவள்.

"தண்ணி எங்கியோ போவுதுடி. கண்ணுக்குத் தெரியாம போவுது. இருவத்தஞ்சி வருசத்துல இப்டி ஒரு பேஜாரு பாத்ததில்ல."

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்த குணா வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தண்ணி வெள்ளையா இருக்கச்சொல்ல எப்டிப்பா தெரியும்? எங்க பட்டறைல தொட்டி கசிஞ்சா எங்க கசியுதுன்னு ஒடனே தெரிஞ்சிடும். சாயம் காட்டிக் குடுத்துடும். நீயும் சாயத்த போட்டுப் பாரேன்."

மேஸ்திரி கையை அப்படியே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். பிறகு சாவித்திரியைப் பார்த்து, "எம்பொண்ணு!" என்றார். மிச்சக் களி இரண்டு வாயில் காலி.

மறுநாள் தசரதன் முள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கல்யாணப் புடவைக்குப் போடுகிற ராணி கலர். ஒரு சிட்டிகை தொட்டால் மூன்று நாள் விரல் சிவந்திருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றினார்கள். மேஸ்திரி சேத்துப்பட்டு ரோட்டில் எட்டு மைல் விரட்டிக்கொண்டு வந்தார். சூடு ஆறாமல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, சாவித்திரியின் பழைய வெள்ளைப் பாவாடைத் துணியை அந்த நான்கு ஓட்டைகளுக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"நயினாரே, ஹேண்டில போட்டுச் சுத்துங்க."

நயினார் முன்பக்கம் குனிந்து சுற்றினார். இஞ்சின் ஒருமுறை புரண்டது, இரண்டு முறை புரண்டது. மூன்றாவது ஓட்டைக்கு மேல் துணியில் புஸ்ஸென்று ஒரு பூச்சு வந்து அப்பியது. ரூபாய் அளவுக்கு வட்டமாக, பளபளவென்று ராணி கலர்.

"மாட்னான் திருடன்!" என்று மேஸ்திரி துணியைத் தூக்கிக் காட்டினார். மில் ஆட்கள்கூட வந்து பார்த்தார்கள். நயினாரின் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காணோம். அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போவுதுங்களா மேஸ்திரி?"

"உள்ளதான் போவுது. நெருப்பு எரியற எடத்துல பூந்து ஆவியா பூடுது. அப்பால கீழ எப்டி சொட்டும்? கேஸ்கட் போயிருக்கு. ஹெட்ட எறக்கி வேற போட்டா முடிஞ்சிது."

"வேற எதுனா இருக்குமுங்களா?"

"வேற இன்னா?"

நயினார் தலையை அசைத்தார். ஒன்றுமில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், தெரியவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை, இஞ்சினுக்கு மூடிபோல் உட்கார்ந்திருக்கிற ஹெட்டை இறக்கினார் மேஸ்திரி. தூக்கிப் பலகை மேல் மல்லாக்க வைத்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் அடைப்பாக இருந்த பழைய கேஸ்கட்டை உரித்தெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தாமிரத் தகடு. போனதென்றால் எங்காவது கருகியிருக்க வேண்டும், நெருப்பு நாக்கு போன தடம் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் திருப்பினார். தகடு முழுசாக இருந்தது. இருந்தாலும் கை நிற்கவில்லை. சாயம் காட்டிக்கொடுத்துவிட்டது, அதற்கு மேல் என்ன வேண்டும்?

மூன்றாவது சிலிண்டருக்கு நேராக இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் கரி படிந்திருந்தது. சுரண்டினார், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அங்கே ஒரு கோடு இருந்தது. தலைமயிரைவிட மெல்லிசு. ஆறிக் கிடக்கும்போது வாயை மூடிக்கொண்டு, சூடு ஏறினால் மட்டும் திறக்கிற விரிசல். விரிசல் இருக்கிறதா என்று தேடுகிறவன் கண்ணுக்குத்தான் அது தட்டுப்படும். மேஸ்திரி தேடவில்லை. தேடுவதற்கான காரணத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நயினார் பக்கத்தில்தான் நின்றார். ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மேஸ்திரி, ஒரு விசயங்க..."

"நயினாரே, அந்த மண்ணெண்ண டப்பாவ இப்டி தள்ளுங்க."

நயினார் தள்ளினார். மேஸ்திரி என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

புதுக் கேஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை தப்பாமல் முறுக்கி, சாயத் தண்ணீரை இறக்கிவிட்டு நல்ல தண்ணீர் ரொப்பினார். எத்தனை முறை அலசியும் லேசாக ராணி கலர் போகவில்லை. பக்கத்திலிருந்த முள்ளிப்பட்டு வரை, ஏற்றமில்லாத ரோட்டில் போய்த் திரும்பினார். மூடியைத் திறந்தால் தண்ணீர் கழுத்து வரை நின்றது. குணாவுக்காக வண்டியைச் சவாரிக்கு அனுப்பாமல் வைத்திருந்ததில் மறுநாளும் நின்றது. சாவித்திரி அன்றைக்குத்தான் பத்து நாளைக்குப் பிறகு தூங்கினாள். மேஸ்திரிக்கு மட்டும் அந்த முழுசான தகடு அவ்வப்போது நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அதைக் கொட்டகைக் கூரைமேல் வீசி எறிந்திருந்தார்.

வைகாசி பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, பெரிய முகூர்த்தம். ஊரிலிருந்த இரண்டு டாக்ஸிகளும் கல்யாணத்துக்குப் போயிருந்தன. பிற்பகல் மூன்றரைக்குக் குணா துணி மடித்துக்கொண்டிருந்தவள், "அம்மா" என்று சுவரைப் பிடித்தாள். காலடியில் தரை நனைந்திருந்தது.

தசரதன் அன்று அங்கேதான் இருந்தான். ஷெட்டுக்கு ஓடிவந்தான்.

"மாமா, பனிக்கொடம் ஒடஞ்சிச்சி. மில்லு மொதலாளி ஜீப்பு வாசல்லயே நிக்குது. கேட்டுப் பாக்கட்டா?"

"ஜீப்புல போட்டு குலுக்கி எடுத்துகினு போவவா? நானே கை வெச்ச வண்டி இருக்குதுங்க மாப்ள. போயி நயினார கூட்டிகினு வாங்க, ஜல்தி!"

நயினார் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். சாப்பிட உட்கார இருந்தவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போகிற வழியில் வீட்டு வாசலில் காத்திருந்த அவர் மனைவி ஜினமதி ஒரு டிபன் கேரியரைக் கட்டி ஜன்னல் வழியாகச் சீட்டில் வைத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள எங்கனா நிறுத்தி சாப்ட்ருங்க" என்றவள், பின்சீட்டில் சாவித்திரி மடியில் தலை வைத்துக் கிடந்த குணாவைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நயினார் ஓட்டினார். பக்கத்தில் தசரதன், ஓரத்தில் மேஸ்திரி. அந்த வண்டியில் சூடு காட்டுகிற முள் செத்து நான்கு வருஷம். அதனால் மேஸ்திரி முழுக் காதையும் இஞ்சினிடம் கொடுத்திருந்தார். பின்னால் வலி வரும்போதெல்லாம் அந்தக் காது மகளிடம் போய்விட்டது. கண்ணமங்கலம் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. தாண்டியதும் ஒரு நீள ஏற்றம். எதிர்வெயில் கண்ணாடியில் அடித்தது. இஞ்சினுக்குள் டொக் டொக்கென்று யாரோ சுத்தியால் தட்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது.

"காலை எடுங்க, காலை எடுங்க!" என்று மேஸ்திரி கத்துவதற்குள் பானெட் இடுக்குகளிலிருந்து ஆவி பீறிட்டது. கண்ணாடியெல்லாம் இளஞ்சிவப்பாகத் துளி தெறித்தது. வண்டி ஓரமாக உருண்டு ஒரு வேப்பமரத்தடியில் நின்றது.

குணா தலையைத் தூக்கினாள். இறங்கி நின்ற அப்பாவின் சட்டையில், கையில், பானெட்டிலிருந்து வழிந்து தரையில் பரவிய தண்ணீரில் எல்லாம் சிவப்பு.

"இன்னாப்பா அது, செகப்பா? என்னுதா? எனக்கா ஊத்துது?"

"இல்ல கண்ணு. நீ சொன்ன சாயம். நம்ம சாயம்தான். நீ படு."

நயினார் டிக்கியிலிருந்து தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துணியால் மூடியைத் திருகிக் கழற்றிவிட்டார். குடத்தைச் சாய்க்கப் போனார்.

"ஊத்தாத!" மேஸ்திரி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "கொதிக்கிற இஞ்சின்ல பச்சத் தண்ணி ஊத்தினா இன்னா ஆவும்? வண்டி வாங்கினன்னிக்கே சொன்னனா இல்லியா? ஹெட்டு வெடிச்சிடும்யா!"

நயினார் மேற்கே பார்த்தார். சூரியன் இன்னும் இரண்டு பனை உயரம் இருந்தது.

"அன்னிக்கும் சூரியன் இதே மாதிரிதாங்க நின்னுச்சி" என்றார்.

"என்னிக்கு?"

"பங்குனில. படவேட்லந்து சவாரிய வுட்டுட்டு வரச்சொல்ல, சந்தவாசலாண்ட. பெல்ட்டு அந்து போய் கொதிச்சிடுச்சி. வேற பெல்ட்டு மாட்டிட்டேன். ஆற வெக்கணும்னு தெரியும். ஆனா பொழுது போவுது. கையில சோத்துத் தூக்கு இல்ல. காலைலயும் சாப்டல. பக்கத்துல பம்பு செட்டு ஓடிகினு இருந்துது. ரெண்டு கொடம் பிடிச்சி ஊத்திட்டேங்க. டிக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சி. வண்டி கெளம்பிடுச்சி. வெளிச்சத்துலயே வூட்டுக்குப் போய் சாப்ட்டேன்."

முழுசான தாமிரத் தகடும், கரி சுரண்டிய இடமும், "வேற எதுனா இருக்குமுங்களா" என்று கேட்ட முகமும் மேஸ்திரியின் கண்முன் ஒன்றாக வந்து நின்றன.

"ஏன் சொல்லல? இத்தினி நாளா என்னாண்டதான வந்து நின்ன! ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஹெட்ட எறக்கினப்பவே மண்ணெண்ண தடவி தொடச்சி ஒரு கை சுண்ணாம்பு பூசியிருப்பேன். விரிசல் தானா ஊறி காட்டிக் குடுத்திருக்கும். ஏன்யா சொல்லல?"

"வயித்துக்காக வண்டிய ஒடச்சேன்னு சொல்ல வெக்கமா இருந்துதுங்க. நீங்க கேட்டா சொல்லிடணும்னுதான் நின்னேன். நீங்க கேக்கல."

ஸ்பானர் மேஸ்திரியின் கையில் இருந்தது. அதை ஓங்கிவிடுவாரோ என்று தசரதன் ஓரடி முன்னால் வந்தான். அவர் ஓங்கவில்லை. அடிக்க வேண்டிய ஆட்கள் இரண்டு பேர் என்பது அந்த நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

பின்சீட்டிலிருந்து சாவித்திரியின் குரல் வந்தது. "இன்னா பேசிகினு நிக்கறீங்க? பொண்ணு கையி சில்லுனு போவுது!"

ஒரு பஸ் வந்தது. தசரதன் நடுரோட்டில் நின்று கை காட்டினான். படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கிக்கொண்டு வர, பஸ் ஒதுங்கிப் போய்விட்டது. அடுத்து ஒரு வேன், கல்யாண வேன், உள்ளே மேளக்காரர்கள். அதுவும் நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டிருந்தவன் இவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனான்.

இரண்டு பர்லாங்கு முன்னால் மரங்களுக்கு மேலே ஒரு புகைபோக்கி தெரிந்தது. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஆயுள் பூராவும் நெல் அவிக்கிற வாசனையில் கிடந்தவருக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

"மாப்ள, அது ரைஸ் மில்லு. நெல்லு அவிக்கிற தண்ணி கொதிச்சிகினு இருக்கும். பச்சத் தண்ணி வேணாம், கொதிக்கிற தண்ணி. ரெண்டு டின்னு ரொப்பி எதுலனா வெச்சி இஸ்துகினு வாங்க. சுடற வண்டிக்கு சுடற தண்ணிய ஊத்தலாம். ஓடுங்க!"

தசரதன் ஓடினான். மேஸ்திரி பானெட்டுக்குள் கையை விட்டு, தோல் பொசுங்கப் பொசுங்க மூன்றாவது பிளக்கைக் கழற்றி ஜேபியில் போட்டுக்கொண்டார். அங்கே நெருப்பு எரியாவிட்டால் விரிசல் வழியாகப் பாய்ந்து தண்ணீரை வெளியே தள்ள வேகம் இருக்காது. மிச்ச மூன்று சிலிண்டரில், மூன்று காலில் நொண்டுவதுபோல், வேலூர் வரை போய்விடும். இரண்டு நிமிஷ வேலை. ஆரணியிலேயே இதைச் செய்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம், தெரிந்திருந்தால். அந்த நினைப்பு கையில் பட்ட சூட்டைவிட அதிகமாகச் சுட்டது.

மில்லில் வாட்ச்மேனிடம் கெஞ்சி, டின் தேடி, தள்ளுவண்டி வாங்கி, மேட்டில் தள்ளிக்கொண்டு தசரதன் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் நயினார் ரோட்டோரத்தில் ஒற்றைக் காலில் நிற்பவர்போல் நின்றார். குணா முதலில் கத்திக்கொண்டிருந்தாள், பிறகு முனகினாள். பிறகு சத்தமில்லை. கத்துவதே தேவலை என்று மேஸ்திரிக்குத் தோன்றியது.

ஒருமுறை அவள் கண்ணைத் திறந்து, "அப்பா, உள்ள ஆடிகினே இருந்துது. இப்ப ஆடலப்பா" என்றாள்.

"தூங்குதும்மா" என்றார் அவர்.

கொதிநீரை ஊற்றினார்கள். மூன்று காலில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. கழற்றிய ஓட்டையிலிருந்து புஸ்புஸ்ஸென்று ஈரக்காற்று அடித்துக்கொண்டே வந்தது. சூரியன் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் குணாவை மாற்றியபோது விளக்கு போட்டிருந்தார்கள். டிபன் கேரியர் முன்சீட்டில் கட்டவிழ்க்காமல் இருந்தது.

பெண் பிழைத்தாள். குழந்தை அழவில்லை. ஆண்பிள்ளை. முழு வளர்ச்சி, தலை நிறைய முடி. டாக்டரம்மா மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அரை மணி முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தவள், அவர் கையில் கொப்புளங்களைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லாமல் நர்சைக் கூப்பிட்டு மருந்து போடச் சொன்னாள்.

காலையில் வராந்தாவில் நயினார் சுவரோரம் குந்தியிருந்தார். பக்கத்தில் அதே கேரியர். வெயில் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"சாப்ட்டீங்களா?" என்றார் மேஸ்திரி. நேற்று வாயில் வந்த ஒருமை போய்விட்டிருந்தது.

"நேத்து சோறுங்க. ராத்திரி தங்கினத திங்கறதில்ல." அவர் எழுந்து நின்றார். "மேஸ்திரி, நான் உள்ள வந்து பொண்ணாண்ட சொல்லிட்றேங்க. நான்தான்னு சொல்லிட்றேன். இந்தத் தடவ நீங்க கேக்க வேணாம்."

மேஸ்திரி அவரையே பார்த்தார். ஒரு வார்த்தை போதும், பழி மொத்தமும் இந்த மனுஷன் தலையில் இறங்கிவிடும். அவரும் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார். பிறகு மில் வாசலில் சும்மா நின்ற ஜீப்பும், "நானே கை வெச்ச வண்டி" என்று சொன்ன தன் வாயும் நினைவுக்கு வந்தன.

"வேணாம். டீக்கடைல எதுனா வாங்கி சாப்புடுங்க. வண்டிய கட்டி இஸ்துகினு போவணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

குணா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாவித்திரி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள், அழுது ஓய்ந்து. மகளின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்தார். கட்டுப் போட்ட கையில் அது சரியாக நிற்கவில்லை.

"அப்பா."

"சொல்லும்மா."

"வண்டி ஏம்பா நின்னுச்சி?"

"தண்ணி பூட்ச்சிம்மா."

"அதான் எங்க போவுதுன்னு கண்டுபிடிச்சியே. சாயம் போட்டு நீயே பாத்தியே. சரி பண்ணிட்டேன்னு சொன்னியே. அப்பறம் ஏம்ப்பா போச்சி?"

சட்டைப் பையில் அந்த மூன்றாவது பிளக் இன்னும் இருந்தது. நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. சட்டை முழுக்கச் சாயத் துளிகள், துவைத்தாலும் போகாத ராணி கலர். கதவுக்கு வெளியே நயினார் போகாமல் நின்றுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"தெரியலம்மா" என்றார்.

குணா விசிறியிலிருந்து கண்ணை இறக்கி அவரைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அப்பா வாயில் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. பிறகு கையை மெல்ல இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்கப்புறம் அவள் எந்நாளும் கேட்கவில்லை.